நிலமில்லா உலகங்கள்

கோள் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது உருண்டையானதொரு நிலமேயாகும். 1969 இல் மனிதன் சந்திரனிற் கால் வைத்தான். செவ்வாயின் செம்மண்ணில் மனிதர் ஆக்கிய பொறிகள் ஊர்ந்து திரிந்தன. வெள்ளியின் கொதிநிலத்திலும் கலங்கள் இறங்கிப் படம் எடுத்தனுப்பின. ஆகவே, உரிய காலம் வருமாயின் வியாழனிலும் சனியிலும் ஒருவன் இறங்கலாம் என்று எண்ணுவது இயல்பே. இறங்கலாம், ஆனால் இறங்கி நிற்றல் இயலாது. நிற்பதற்கு அங்கே யாதொரு தளமுமில்லை.

ஞாயிற்றுக் குடும்பத்தின் எட்டுக் கோள்களுள் வியாழன், சனி, யுரேனசு, நெப்தியூன் என்னும் நான்கும் இத்தகையன. இவற்றை 'வாயுக் கோள்கள்' என வழங்குகின்றோம். இப்பெயரை வானியலார் ஆய்ந்து இட்டாரல்லர். ஜேம்ஸ் பிளிஷ் என்னும் அமெரிக்க விஞ்ஞானக் கதையாசிரியர் 1952 இல் வெளிவந்த தம் கதையொன்றில் ஆண்ட தொடர் அது; பின்னர் பாடநூல்களிலும் புகுந்து நிலைத்துவிட்டது. கேட்பதற்கு இனிய பெயர்தான். ஆயினும் அதிற் பாதியே உண்மை. வாயு என்றதும், கையை நீட்டினால் ஊடுருவிச் செல்லத்தக்க புகைமண்டலம் ஒன்றை நாம் எண்ணிக்கொள்கின்றோம். இக்கோள்களின் பெரும்பகுதி அத்தகைய வாயுவுமன்று, திண்ம நிலமுமன்று. இவ்விரண்டினும் வேறாய், நம் அன்றாட அநுபவத்திற் காணக் கிடையாத நிலைகளிற் பொருள் அங்கே அமைந்துள்ளது. அந்நிலைகள் யாவை, அவற்றை எவரும் சென்று பாராதிருக்கவும் அறிந்தவாறு யாது என்பனவே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

வியாழனும் சனியும் நம் முன்னோர்க்குப் புதியனவல்ல. வியாழன் ஞாயிற்றைச் சுற்றிவர ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு செல்லும். கும்பகோணத்து மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது அதனாலேயே. சனிக்கு இருபத்தொன்பதரை ஆண்டு வேண்டும். அதனைப் பன்னிரண்டு இராசிகளுக்குப் பங்கிட்டால் இராசியொன்றுக்கு இரண்டரை ஆண்டு ஆகும். மூன்று இராசிகளுக்கு ஏழரை. ஏழரைச் சனி என்று நம் வீடுகளில் அஞ்சப்படும் காலத்தின் பின்னே இப்படி ஒரு நல்ல கணக்கு மறைந்திருத்தலைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நடையை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். உடலை அறிவதற்கு அவர்களிடம் கருவி இல்லை.

அவ்வழியை முதலில் திறந்தவை வியாழனின் சந்திரர்களே. 1610 ஆம் ஆண்டு தை மாதத்திற் கலிலியோ தம் சிறு தொலைகாட்டியால் வியாழனைச் சுற்றிவரும் நான்கு சந்திரர்களைக் கண்டார். சந்திரன் ஒன்று எவ்வளவு தூரத்தில், எத்துணை விரைவிற் சுற்றுகின்றது என்பது தெரியுமாயின், அதனைக் கட்டி ஈர்க்கும் கோளின் திணிவைக் கணிக்கலாம். 1687 இல் வெளியான தம் பெருநூலில் நியூற்றன் இதனைச் செய்தார். திணிவோடு பருமனும் தெரிந்தால் அடர்த்தி தானே புலப்படும். இக்காலத்து அளவைகளின்படி, வியாழனுள் பூமியைப் போன்ற 1,300 உருண்டைகளை அடக்கலாம். ஆனால் அதன் திணிவோ பூமியின் திணிவைப் போல 318 மடங்கே. பூமியின் சராசரி அடர்த்தி நீரினதைப் போல ஐந்தரை மடங்கு. வியாழனின் அடர்த்தி 1.33 மடங்கு. சனியினது 0.69 மட்டும், அஃதாவது நீரினும் குறைவு. கல்லாலும் இரும்பாலும் ஆன ஓர் உடல், இவ்வளவு பெரிதாயிருந்துகொண்டு, இவ்வளவு இலேசாய் இருத்தல் ஒருபோதும் ஒவ்வாது.

சனியை இடத்தக்க பெருங்கடல் ஒன்று இருக்குமாயின் அதில் அக்கோள் மிதக்கும் என்று வகுப்பறைகளிற் சொல்வதுண்டு. நாமும் அதனைக் கேட்டு வியந்தவர்களே. மாணவரின் கருத்தைக் கவர்வதற்கு நல்ல உவமை என்பதில் ஐயமில்லை. எனினும் அது மிதக்கும் பந்தொன்றின் தோற்றத்தை மனத்திற் பதித்துவிடுகின்றது. பந்துக்கு உறுதியான தோல் உண்டு, சனிக்கு அஃதில்லை. ஆகையால் இவ்வுவமையை நாம் இப்போது விரும்புவதில்லை.

இக்கோள்களின் விரைவான சுழற்சியும் அவற்றின் இயல்பைக் காட்டிக்கொடுக்கும். வியாழன் தன்னைத்தான் சுற்ற 9 மணி 55 நிமிடமே செல்லும். அவ்விரைவினால் அதன் நடுப்பகுதி புடைத்து, துருவங்கள் தட்டையாகி, மத்தியகோட்டு விட்டம் துருவ விட்டத்தைக் காட்டிலும் 9,000 கிலோமீற்றருக்கு மேல் மிகுந்திருக்கின்றது. சனியில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 11,800 கிலோமீற்றர். பூமியின் முழு விட்டத்துக்குச் சற்றே குறைந்தது. சிறு தொலைகாட்டி வைத்திருப்போர் எவரும் இச்சப்பையான வடிவத்தைத் தம் கண்ணாலேயே காணலாம். அன்றியும் வியாழனின் மத்தியகோட்டுப் பட்டை ஏனைய பட்டைகளிலும் ஏறத்தாழ ஐந்து நிமிடம் முந்திச் சுற்றி முடிக்கின்றது. ஒரே திண்ம உடலின் பகுதிகள் இவ்வாறு ஒன்றையொன்று முந்துதல் கூடுமோ? நாம் காண்பது நிலமன்று, ஓடும் மேகங்களின் மேற்புறமே என்பது இதனாற் பெறப்பட்டது.

மேகங்கள் எதனால் ஆயின என்பதை ஒளியே சொல்லிற்று. வெஸ்ரோ சிலைபர் என்னும் அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பதிவுசெய்த இக்கோள்களின் நிறமாலைகளில், எப்பொருளுக்கு உரியன என்று தெரியாத கருங்கோடுகள் இருந்தன. 1930 ஆம் ஆண்டையடுத்து றூப்பேட் வில்ட் என்னும் ஜேர்மானியர், அவை அமோனியா, மெதேன் என்னும் வாயுக்களால் உண்டானவை என்று காட்டினார். நைதரசனும் ஐதரசனும் கூடினால் அமோனியா. காபனும் ஐதரசனும் கூடினால் மெதேன். தனித்த ஒட்சிசன் அங்கே இல்லை. எங்கும் ஐதரசனின் ஆட்சியே. ஆனால் ஐதரசன் மூலக்கூறு தன்னை எளிதில் வெளிப்படுத்துவதன்று. அதன் கோடுகள் மிக மெலிந்தவை. 1960 அளவிலேயே அவை வியாழனின் ஒளியில் உறுதியாகக் காணப்பட்டன. இக்கோளிற் பெரும்பகுதியாக இருக்கும் பொருளே கண்டுபிடிப்பதற்குக் கடைசியில் வந்து நின்றது. ஐதரசனுக்கு அடுத்தபடி மிகுதியாயுள்ளது ஈலியம். ஞாயிற்றின் கலவையும் ஏறத்தாழ இதுவேயாகும்.

இனி, உள்ளே செல்வோம். வியாழனின் உடலுள் நேரே புகுந்து அளந்த கருவி இதுவரை ஒன்றே. கலிலியோவின் பெயர் தாங்கிய விண்கலம் 1989 இற் புறப்பட்டு, ஆறாண்டு பயணஞ் செய்து, 339 கிலோகிராம் எடையுள்ள ஆய்கருவியொன்றைத் தனியே பிரித்து அனுப்பியது. 1995 ஆம் ஆண்டு மார்கழி 7 ஆந் திகதி, வினாடிக்கு 47 கிலோமீற்றர் விரைவில் அது வியாழனின் வளிமண்டலத்திற் பாய்ந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள தூரத்தை அவ்விரைவிற் பத்து வினாடிக்குட் கடந்துவிடலாம். அதன் வெப்பத் தடுப்புக் கவசத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி எரிந்து ஆவியாயிற்று. பூமியின் ஈர்ப்பைப் போல 228 மடங்கான உதறலைத் தாங்கிக்கொண்ட பின், பரசூட்டை விரித்து அது மெல்ல இறங்கத் தொடங்கியது.

ஏறத்தாழ 58 நிமிடம் அக்கருவி பேசிக்கொண்டிருந்தது. தொடங்கியபோது கடுங்குளிர், நம் பூமியின் தரைமட்ட வளியமுக்கத்துக்குச் சமமான அமுக்கம் வியாழனிற் காணப்படும் மட்டத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 108 பாகை செல்சியசு. இறங்க இறங்க அமுக்கமும் வெப்பமும் ஏறின. அமுக்கம் ஏறத்தாழ ஏழு மடங்கான ஆழத்தில் வெப்பநிலை 27 பாகை அளவாயிருக்கும். யாழ்ப்பாணத்து மாலைப்பொழுதின் இதமான சூட்டை வியாழனில் நாடுவோர் அவ்விடத்தில் அதனைக் காணலாம். நிற்பதற்குத் தரையும் சுவாசிப்பதற்கு ஒட்சிசனும் மட்டும் இல்லை. முடிவில், அமுக்கம் 22 மடங்கும் வெப்பம் 150 பாகைக்கு மேலுமாயிருந்த இடத்தில், வானொலி ஓய்ந்தது. அது இறங்கிய ஆழம் ஏறத்தாழ 150 கிலோமீற்றர். வியாழனின் ஆரையோ 71,000 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றை வியாழனாகக் கொண்டால், நம் ஊசி அதன் தோலைக்கூட முழுதுந் துளைத்திலது.

இச்சிறு துளையே பல கணக்குகளைக் குழப்பியது. எதிர்பார்த்த நீராவியிற் சிறு பங்கே அங்கு காணப்பட்டது. வியாழன் வரண்ட கோளோ என்று சிலர் வினவினர். பின்பு படங்களை ஆராய்ந்தபோது, கருவி விழுந்த இடம் மேகங்கள் விலகி, உலர்ந்த வாயு கீழ்நோக்கி இறங்கும் ஒரு வெளி என்பது தெரியவந்தது. பூமியிற் சகாராப் பாலைவனத்தில் இறங்கியவன் இக்கோளில் நீரே இல்லை என்று எழுதி அனுப்பினால் எப்படியோ, அப்படி. 2016 இல் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலம் நுண்ணலைகளின் வழியே ஆழத்தை நோக்கியது. மத்தியகோட்டுப் பகுதியில் ஆயிரம் மூலக்கூறுகளுக்கு இரண்டரை என்னும் அளவில் நீர் உண்டு என 2020 இல் அறிவிக்கப்பட்டது. இது சிறு தொகையன்று. ஒரே இடத்தில் எடுத்த ஒரே அளவையை வைத்து உலகம் முழுவதற்கும் தீர்ப்புக் கூறிய அவசரம் இவ்வாறு திருத்தப்பட்டது.

ஆய்கருவி பேச்சொழிந்த பின்னும் விழுந்துகொண்டேயிருந்தது. அது எதில் முட்டிற்று? எதிலும் முட்டவில்லை. இதனை விளங்கிக்கொள்ளுதற்கு ஒரு பரிசோதனையை நினைவுகூர்தல் நன்று. 1860 களிற் பெல்பாஸ்ற் நகரில் தோமஸ் அன்ட்ரூஸ் என்பவர், தடித்த கண்ணாடிக் குழாயிற் காபனீரொட்சைட்டை அடைத்து அமுக்கி ஆராய்ந்தார். குழாயின் அடியில் திரவம், மேலே வாயு; இடையே தெளிவானதொரு கோடு. 31 பாகைக்கு மேல் வெப்பம் ஏறியதும் அக்கோடு மங்கி மறைந்தது. திரவம் கொதித்து மேலெழவில்லை. வாயு ஒடுங்கிக் கீழே விழவுமில்லை. இரண்டும் ஒன்றாயின. ஒவ்வொரு வாயுவுக்கும் இத்தகைய எல்லையொன்று உண்டு. நீருக்கு அது 374 பாகை. ஐதரசனுக்கோ பூச்சியத்துக்குக் கீழ் 240 பாகை. வியாழனில் எவ்விடமும் அதனினும் வெப்பமானதே. ஆகவே அங்கே ஐதரசன் வாயுவிலிருந்து திரவமாகும் இடம் என்று ஒரு கோடு கிடையாது. நம் கடலுக்கு மேற்பரப்பு உண்டு. மீன் துள்ளி வெளியே வரலாம். வியாழனின் கடலுக்கு மேற்பரப்பு இல்லை. வாயு, இறங்க இறங்க அடர்ந்து, எவ்விடத்தில் மாறியது என்று சுட்ட இயலாதபடி, திரவம் போன்றதாகிவிடுகின்றது. வாயு என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க பகுதி மேலே மெல்லியதோர் உறை மட்டுமே.

இன்னும் கீழே நடப்பது இதனினும் விந்தையானது. 1935 இல் இயூஜின் விக்னர், ஹில்லார்ட் ஹன்ரிங்ரன் என்னும் இருவர், மிகக் கடுமையாக அமுக்கினால் ஐதரசனும் உலோகமாகும் என்று கணித்துக் கூறினர். இலத்திரன்கள் தத்தம் அணுக்களை விட்டு நீங்கிப் பொதுவாகத் திரியும். ஆதலின் அது செம்பைப் போல மின்னைக் கடத்தும். இரசாயன ஆசிரியர் கரும்பலகையில் வரையும் ஆவர்த்தன அட்டவணையில் ஐதரசன், இலிதியம், சோடியம் முதலிய உலோகங்களின் தலைப்பில் நிற்பதைக் கண்டு, இது எப்படி அவற்றோடு சேர்ந்தது என்று நாம் ஐயுற்றதுண்டு. அவ்வையத்துக்கு விடை வியாழனின் உள்ளே கிடக்கின்றது. 1996 இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்திற் திரவ ஐதரசனை அதிர்ச்சி அலைகளால் அமுக்கியபோது, வளியமுக்கத்தைப் போல 14 இலட்சம் மடங்கு அமுக்கத்தில் அது உலோகத்துக்கு உரிய அளவில் மின்னைக் கடத்திற்று. வியாழனில் இத்தகைய அமுக்கம் ஆரையின் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்துக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே ஞாயிற்றுக் குடும்பத்தின் கோள்களுள் ஆகப் பெரியதான இதனுள் பெரும்பகுதியாயுள்ள பொருள், சுழன்று கொதிக்கும் திரவ உலோகமாம். அதனை வாயு என்றல் எங்ஙனம் பொருந்தும்?

உலோகப் பாய்மத்தின் இயக்கத்தால் மின்னோட்டமும், மின்னோட்டத்தாற் காந்தப் புலமும் உண்டாகின்றன. 1955 இல் பேர்னாட் பேர்க், கெனத் பிராங்க்ளின் என்போர் வேறொரு வான்பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவர்தம் வானொலி அலைக்கூட்டத்தில் இடையிடையே இரைச்சல் கேட்டது. அருகே செல்லும் மோட்டார் வண்டியின் தீப்பொறியோ என ஐயுற்றனர். ஆனால் இரைச்சல் விண்மீன்களோடு ஒத்து நாள்தோறும் முந்தி வந்தது. ஈற்றில் அது வியாழனின் குரல் என்று தெளிந்தது. வியாழனின் காந்தத்திறன் பூமியினதைப் போல ஏறத்தாழ 20,000 மடங்கு என்பது பின்னர் அங்கு சென்ற கலங்கள் கண்ட உண்மை.

வெப்பத்தின் கதையும் இவ்வாறே பல முறை திரும்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சிலர் வியாழன் அணைந்துவரும் சிறு சூரியன் என்றனர். 1920 களில் ஹரல்ட் ஜெபிறீஸ் முதலியோர், மேற்புறம் கடுங்குளிரானது என்று நாட்டினர். 1960 களிற் செய்த அளவைகள், ஞாயிற்றிடம் பெறும் வெப்பத்திலும் மிகுதியாக வியாழன் வெளிவிடுகின்றது என்று காட்டின. இரு சாராரும் ஓரளவு சரியே. மேலே குளிர், உள்ளே மையத்தை அண்டி ஏறத்தாழ 20,000 பாகை. வியாழன் பிறந்தபோது வாயு ஒடுங்கியதனாற் பிறந்த வெப்பம், நாலரை நூறு கோடி ஆண்டு கழிந்தும் இன்னுங் கசிந்துகொண்டிருக்கின்றது.

சனியின் கணக்கு மட்டும் இவ்விளக்கத்துக்கு அடங்கவில்லை. அது வியாழனிலும் சிறியது, விரைவில் ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை. இதற்குக் கூறப்படும் காரணம் நம்மை மிகவுங் கவர்ந்தது. உலோக ஐதரசனில் ஈலியம், குளிர்ந்த நீரில் எண்ணெய் போல, கலவாது பிரிந்து துளிகளாகி மழையாய்க் கீழே விழுகின்றது. விழும் துளிகளின் உராய்வு வெப்பமாகின்றது. அங்ஙனமாயின் மேலேயுள்ள ஈலியம் குறைய வேண்டும். வியாழனிலும் இம்மழை ஓரளவு பெய்கின்றது என்பதற்கு மேற்சொன்ன ஆய்கருவியே சான்று தந்தது. ஞாயிறு தோன்றிய காலத்து ஈலியம் நூற்றுக்கு 27 பங்கு எனக் கொள்ளப்படுவதாக, அது கண்டது ஏறத்தாழ 24 பங்கே. அதனினும் வியப்பு, நியோன் என்னும் வாயு இருக்கவேண்டிய அளவிற் பத்தில் ஒரு பங்கே இருந்தமையாம். நியோன் ஈலியத் துளிகளிற் கரையும் இயல்புடையது. மழையோடு மழையாய் அதுவும் இறங்கிவிட்டது. எவருங் காணாத ஆழத்திற் பெய்யும் மழை, மேலே எஞ்சிய காற்றின் கணக்கிலே பிடிபட்டது.

இனி நடுக் கருவைப் பற்றிச் சொல்லவேண்டும். நாம் படித்த நூல்களில் வியாழனை நெடுக வெட்டிய படம் ஒன்று இருந்தது. வெளியே ஐதரசன் வட்டம். அதனுள் உலோக ஐதரசன் வட்டம். நடுவே கல்லும் பனியுமான உருண்டை. வெவ்வேறு நிறந் தீட்டி, கவராயத்தால் வரைந்த வட்டங்கள். அப்படத்தைப் பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளி பெற்றவர் நம்மிற் பலர். அது முற்றிலும் கற்பனையன்று. முதலிற் பனியும் கல்லும் திரண்டு பூமியைப் போலப் பத்து மடங்கான கரு உண்டாகி, அதன் ஈர்ப்பினால், இளஞ் ஞாயிற்றைச் சூழ்ந்திருந்த வாயு, சில பத்து இலட்சம் ஆண்டுகளுள் கலைந்து போகுமுன் வாரிக்கொள்ளப்பட்டது என்பது இன்றும் பெரும்பாலோர் கொள்ளும் கொள்கை. ஆனால் அக்கரு வட்டக்கோட்டுக்குள் அடங்கி இருக்கின்றதா என்பதே கேள்வி.

தேங்காயை உடையாமல், கையிற் குலுக்கிப் பார்த்தே உள்ளே நீர் எவ்வளவு என்று சொல்லும் பெரியோர் நம்மிடையே உளர். ஜூனோ செய்தது ஏறத்தாழ அதுவே. முட்டை வடிவான ஒழுக்கிற் சுற்றிவரும் அக்கலம் வியாழனை அணுகும்போது மேகங்களுக்குச் சில ஆயிரம் கிலோமீற்றர் மேலே பறந்தது. கீழே திணிவு மிகுந்த இடத்தில் ஈர்ப்பு அதனைச் சற்றே விரைவுபடுத்தும். குறைந்த இடத்திற் சற்றே தளர்த்தும். அந்நுண்ணிய மாற்றம் அது அனுப்பும் வானொலி அலையின் அதிர்வெண்ணிற் பதிந்து பூமிக்கு வரும். வினாடிக்கு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவான வேக வேறுபாட்டையும் இம்முறையில் அறியலாம். 2017 இல் வெளியான முடிவுகள் கவராய வட்டத்தை அழித்துவிட்டன. கல், பனி முதலிய பாரமான பொருள்கள் நடுவில் உருண்டையாய் இராமல், ஐதரசனிற் கரைந்தும் கலந்தும், கோளின் ஆரையில் அரைப்பங்கு வரைக்கும் பரவியிருக்கின்றன. பெரியதோர் இளங்கோள் நேரே வந்து மோதிக் கருவைச் சிதறடித்தது என்பர் ஒரு சாரார். பிறந்தபோதே அவ்வாறு கலந்து வளர்ந்தது என்பர் மற்றொரு சாரார். வழக்குத் தீரவில்லை. நமக்கு இரண்டாவதே கூடுதலாக ஒப்புகின்றது. ஏனெனில் சனியிலும் இதே நிலை காணப்படுகின்றது. இரு கோள்களுக்கும் ஒரே வகை விபத்து நேர்ந்தது என்றல் எளிதன்று.

சனியின் உட்புறத்தை அறிந்த விதம் தனியழகுடையது. பூமியின் உள்ளமைப்பைப் பூகம்ப அலைகளால் அறிகின்றோம். சனியிற் பூகம்பமானி வைக்க நிலமில்லை. ஆனால் அதற்கு வளையம் உண்டு. சனியின் உடல், அடித்த மணியைப் போல மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கின்றது. அவ்வதிர்வினால் ஈர்ப்பு அசைய, வளையத்தின் துகள்களிற் சுருள் சுருளான அலைகள் எழுகின்றன. 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய கசினி விண்கலம், வளையங்களின் பின்னே விண்மீன்கள் மறைந்து மறைந்து மின்னுவதை அளந்து, அவ்வலைகளைப் பதிவுசெய்தது. அவற்றை 2021 இல் ஆராய்ந்தோர், சனியின் கரு கூர்மையான எல்லையின்றி, ஆரையில் நூற்றுக்கு 60 பங்கு வரை விரிந்து மங்குகின்றது என்று கண்டனர். வளையமே பூகம்பமானியாயிற்று.

வியாழனின் பட்டைகளையும் செம்புள்ளியையும் பற்றி விரிப்பிற் பெருகும். பட்டைகளிலோடும் காற்று ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் ஆழம் வரை செல்லுகின்றது என்றும், அதன் கீழே கோள் ஒரே உடல்போலச் சுழல்கின்றது என்றும் ஜூனோ காட்டியது. பூமியைக் காட்டிலும் அகன்ற புயலாகிய செம்புள்ளியோ 500 கிலோமீற்றருக்கு மேல் ஆழமில்லாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சுருங்கியும் வருகின்றது.

யுரேனசையும் நெப்தியூனையும் இவற்றோடு ஒரே பெயரால் அழைப்பது இன்னும் பொருந்தாது. 1781 இல் வில்லியம் ஹேர்ஷல் முன்னதைக் கண்டார். பின்னது, காணப்படுமுன்னரே கணக்கிற் பிறந்தது. லெவெரியே குறித்த இடத்தில் 1846 இற் பேர்லின் வானிலையத்தார் நோக்க, அங்கே அது இருந்தது. இவற்றில் ஐதரசனும் ஈலியமும் மேலுறையாய், மொத்தத் திணிவிற் சிறு பங்காகவே உள்ளன. மிகுதி, நீரும் அமோனியாவும் மெதேனும் கல்லும் எனக் கருதப்படும். அதனால் 'பனிக் கோள்கள்' என்று இப்போது வேறு பெயர் இட்டிருக்கின்றனர். அதுவும் மயக்கந் தருவதே; உள்ளே பனிக்கட்டி என்று நாம் அறிந்தது எதுவுமில்லை. பல ஆயிரம் பாகை வெப்பத்தில், பல இலட்சம் மடங்கு அமுக்கத்தில் இருக்கும் அடர்ந்த பாய்மமே அப்பனி. அங்கே மெதேனிலிருந்து காபன் பிரிந்து வைரமாகி விழலாம் என்று 1981 முதல் சொல்லப்பட்டு வந்தது. 2017 இல் ஆய்வுகூடமொன்றில், பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்ரிக்கைக் கடும் லேசர் ஒளியால் அமுக்கி, நுண்ணிய வைரத் துகள்கள் ஒரு கணத்தில் உருவாவதைக் கண்டனர்.

இவ்விரு கோள்களையும் அருகிற் கண்டது வோயேஜர் 2 ஒன்றே: யுரேனசை 1986 தையிலும், நெப்தியூனை 1989 ஆவணியிலும் கடந்து சென்றது. சில மணி நேரச் சந்திப்பில் அது கொணர்ந்த செய்திகளுட் பெரியது காந்தப் புலத்தைப் பற்றியது. யுரேனசின் காந்த அச்சு சுழற்சியச்சுக்கு 59 பாகை சாய்ந்து, மையத்தையும் விட்டு விலகி நிற்கின்றது; நெப்தியூனிலும் 47 பாகைச் சாய்வு. உலோகக் கருவொன்று நடுவே ஒழுங்காகச் சுழன்றால் இக்கோணல் நேராது. மின்னைக் கடத்தும் நீர்ப் பாய்மம் நடுவிலன்றி, மேலே மெல்லிய அடுக்கிற் புரள்வதால் இது உண்டாகலாம் என்று கூறப்படுகின்றது. நெப்தியூன், ஞாயிற்றிடம் பெறுவதிலும் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட வெப்பத்தை வெளிவிட, ஏறத்தாழ அதே அளவினதான யுரேனசு பெற்றதிலும் மிகச் சிறிதே கூட்டி விடுகின்றது. இரட்டையர் போன்ற இவற்றுள் இவ்வேறுபாடு ஏன் என்பதற்குப் பலரும் ஒப்பும் விடை இன்னுமில்லை.

2022 இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்தின் குழு, அடுத்த பெரும் பயணம் யுரேனசுக்கே ஆதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. வியாழனுக்குச் சென்றதைப் போன்ற ஆய்கருவியொன்றை அதன் மேகங்களுள் இறக்கி, ஈலியத்தையும் நியோனையும் நேரே அளப்பது அத்திட்டத்தின் ஓர் அங்கம். புறப்பட்ட பின் யுரேனசை அடைவதற்கே பத்தாண்டுக்கு மேல் செல்லும்.